பின்வாங்காதவர் பூட்டிய எஞ்சின்

அந்தத் தெருவில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் யாரும் இல்லை. பின்வாங்காதவர் என்றால்தான் தெரியும். ஏதோ பட்டாளத்தில் வாங்கி வந்த பட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். பட்டாளத்தை அவர் படத்தில்தான் பார்த்திருக்கிறார். எதைப் பேசினாலும் கடைசியில், "நான் ஒரு வார்த்தை சொன்னா சொன்னதுதான், பின்வாங்க மாட்டேன்" என்று ஒரு வாலை ஒட்டுவார். அந்த வாலைப் பிடித்துத் தெருக்காரர்கள் வைத்த பெயர் அது. கிண்டல் என்று அவருக்குப் புரியவில்லை. பாராட்டு என்று எடுத்துக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தி நடந்தார். நெஞ்சுக்குக் கீழே தொப்பையும் கூடவே நிமிர்ந்ததால் எது நெஞ்சு, எது தொப்பை என்று பார்ப்பவர்களுக்குத்தான் குழப்பம்.

அவருடைய யோக்கியதையை அவர் வீட்டு வாசல் கதவே சொல்லிவிடும். தச்சர் வரத் தாமதமானது என்று தானே கதவை மாட்டினார். உள்ளே திறக்க வேண்டிய கதவு தெருப்பக்கம் திறந்தது. "கீலைக் கழட்டி மாத்திடலாங்க, என்ன பெரிய வேலை" என்றாள் மனைவி. "யோசிச்சுத்தான் மாட்டியிருக்கேன். காத்து வெளிய போகணுமில்ல?" என்றார் அவர். காற்று போனதோ இல்லையோ, கதவைத் தட்டியவர்கள் எல்லோரும் தட்டின கையோடு பின்னால் நகர வேண்டியதாயிற்று. நகராதவர்கள் மூக்கைத் தடவிக்கொண்டு நின்றார்கள். பின்வாங்காதவர் வீட்டுக்குப் போனால் நாம்தான் பின்வாங்க வேண்டும் என்று ஊரே சொல்லிச் சிரித்தது.

வாலிபத்தில் லாரியில் கிளீனராகப் போனார். ஸ்டியரிங்கைத் துடைத்திருக்கிறார், பிடித்ததில்லை. ஆனால் எஞ்சின் என்று யாராவது வாயைத் திறந்தால் போதும், தானே பெற்றுத் தாலாட்டி வளர்த்த பிள்ளையைப் போலப் பேச ஆரம்பித்துவிடுவார். அப்புறம் ஒரு கிடங்கில் காவல் வேலை. கேட்டைப் பார்த்துப் போட வேண்டிய நாற்காலியைச் சுவரைப் பார்த்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாராம். திருப்பிப் போடுங்கள் என்று மேலாளர் சொன்னார். திருப்பிப் போடுவதா? வேலையை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தார். அதையும் வெற்றி விழா போலத்தான் வந்து சொன்னார்.

சோறு போட்டது அவர் மனைவி. ஊருக்கு அவள் நாற்றுக்காரம்மா. வீட்டுக்குப் பின்னால் வலைப் பந்தல் போட்டு, தட்டுத் தட்டாக விதை போட்டு, தக்காளியும் மிளகாயும் கத்தரியும் நாற்றாக வளர்த்து விற்பாள். விற்றது போக மிச்சத்தைத் தன் நிலத்தில் நட்டு, காய் பறித்துச் சந்தைக்கு அனுப்புவாள். நிலத்தை உழுவதற்கு ஒரு டில்லர் வைத்திருந்தாள். மாட்டுக்குப் பதிலாக எஞ்சின் இழுக்கும், மனிதன் பின்னால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நடப்பான், அந்தச் சின்ன உழவு வண்டிதான். அதுவும் அவள் சம்பாத்தியத்தில் வந்தது. ஓட்டுவது மட்டும் அவர். அந்த மரியாதையையாவது விட்டுவைப்போமே என்று அவள் விட்டுவைத்திருந்தாள்.

அந்த வருஷம் டில்லரின் எஞ்சின் தேய்ந்து போனது. கயிற்றைச் சுற்றி இழுத்து இழுத்துத் தோள்பட்டை கழன்றாலும் ஸ்டார்ட் ஆகாது. தப்பித் தவறி ஸ்டார்ட் ஆகிவிட்டால் நீலப் புகை. டீசலைவிட ஆயிலை அதிகம் குடித்தது. மேட்டில் ஏறும்போது கிழட்டு இருமல் இருமி நின்றுவிடும்.

பின்வாங்காதவர் சவரம் செய்துகொள்ளப் போன இடத்தில்தான் வினை பிறந்தது. ஒரு கன்னத்தில் சோப்பு நுரை, ஒரு கன்னம் வழித்தாயிற்று. மெக்கானிக்கும் அங்கே தன் முறைக்காகக் காத்திருந்தார்.

"உங்க டில்லர் எஞ்சினுக்குள்ள தேஞ்சு போன லைனரும் ரிங்கும் மாத்தினா போதும். வண்டியைக் கொண்டுவந்து விடுங்க, பழையபடி ஓடும்" என்றார் மெக்கானிக்.

அதற்குச் சரி என்று சொல்லியிருந்தால் கதையே இல்லை. ஆனால் கடை நிறைய ஆள் இருந்ததே! கத்தியை விலக்கச் சொல்லிவிட்டு நாற்காலியில் நிமிர்ந்தார். "ஒட்டுப் போடற வேலையெல்லாம் என்கிட்ட கிடையாது. எஞ்சினையே மாத்தறேன். நானே மாத்தறேன். ஒருத்தன் கை படாது. பின்வாங்க மாட்டேன்."

"முதல்ல அந்தக் கன்னத்தைக் காட்டுங்க, நுரை காயுது" என்றார் சவரத் தொழிலாளி.

செய்தி கேட்டபோது நாற்றுக்காரம்மா தட்டுகளுக்குப் பூவாளியால் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். தக்காளி நாற்று தயாராகிவிட்டது. தயார் என்ன, வயது கடந்துகொண்டிருந்தது. தண்டு நீண்டு சாய்ந்தது. அடி இலையில் மஞ்சள் இறங்கியது. இன்னும் கொஞ்சம் போனால் தட்டிலேயே பூ வைக்கும். தட்டில் பூத்த தக்காளியை நிலத்தில் நட்டால் காய்க்காது, மனிதனைக் காயவைக்கும். மழை பெய்து மண்ணும் பதமாக இருந்தது. இந்தப் பதத்தில் உழுது நட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் இத்தனை தட்டும் குப்பைக்குழிக்கு. அந்த வருஷச் சாப்பாடும் கூடவே.

"பக்கத்து நிலத்துக்காரர் டில்லர் சும்மாதானே நிக்குது? ஒரு நாள் கேட்டா கொடுப்பாரு" என்றாள்.

"யாரு, தும்மலா?" அவர் முகம் சுருங்கியது. "அவன் நம்ம நிலத்துல கால் வைக்கக் கூடாது. வெச்சான்னா நான் மனுஷனே இல்ல."

பக்கத்து நிலத்துக்காரருக்குத் தூசி ஆகாது. வாயைத் திறந்தால் தும்மல். அதனால் அவர் தும்மல்காரர். வாய்க்கால் பராமரிப்புக் கூட்டத்தில் பின்வாங்காதவர் எழுந்து, "பெரியோர்களே" என்று ஆரம்பித்த அந்த நொடியில் தும்மல்காரர் தும்மினார். சாதாரணத் தும்மலா அது? கூரைத் தகரம் அதிர்ந்தது. கூட்டம் சிரித்தது, சிரித்த சிரிப்பில் பேச்சு நின்றுபோனது. அன்றிலிருந்து பகை. ஒரு தும்மலை மன்னிக்கத் தெரியாத மனிதரைப் பற்றி என்ன சொல்வது?

பழைய இயந்திரக் கடைக்கு அவளும் கூடப் போனாள். இவரைத் தனியாக அனுப்பினால் ரயில் எஞ்சினை வாங்கி வந்துவிடுவார் என்ற பயம். கடையில் ஒரு மூலையில் அந்த எஞ்சின் கிடந்தது. மரம் அறுக்கும் பட்டறையில் இருந்ததாம். அதில் ஒரு பட்டன் இருந்தது. அமுக்கினால் ஸ்டார்ட் ஆகும், கயிறு இழுக்க வேண்டாம். பட்டனைப் பார்த்ததும் பின்வாங்காதவருக்குக் கண் வேறு எங்கும் போகவில்லை. அமுக்கினார். உறுமியது. நிறுத்தினார். திரும்ப அமுக்கினார். திருவிழாவில் ஊதுகுழல் வாங்கின குழந்தைகூட அத்தனை தடவை ஊதாது.

"அண்ணே, ஒரு விஷயம். இது சுத்துறது மத்த எஞ்சின் மாதிரி..." என்று ஆரம்பித்தார் கடைக்காரர்.

"தம்பி, நீ இரும்பு எடை போடத் தொடங்கறதுக்கு முன்னால இருந்தே நான் எஞ்சினோட புழங்கறவன். எனக்கே வகுப்பு எடுக்கறியா?"

"அதில்லண்ணே, டில்லருக்கு வைக்கிறதுன்னா..."

"வண்டியில ஏத்து."

கடைக்காரர் அவளைப் பார்த்தார். அவள் புருஷனைப் பார்த்தாள். "ஏங்க, அவரு ஏதோ சுத்துறதைப் பத்திச் சொல்ல வர்றாரே?"

"எஞ்சின்னா சுத்தாம உக்காந்து தாயமா ஆடும்? நீ பேசாம வா."

அவள் பேசாமல்தான் வந்தாள். ஆனால் அந்த அரைகுறைப் பேச்சு செருப்புக்குள் விழுந்த கல்லைப் போல வழியெல்லாம் குத்திக்கொண்டே வந்தது.

மாற்றும் வேலைக்கு அவளுடைய தம்பி வந்தான். ரொட்டித் தொழிற்சாலையில் வேலை. அடுப்பிலிருந்து நேராக வந்ததால் முழங்கை வரை மாவு. இரண்டு பேரும் பெல்ட்டைக் கழற்றி, போல்ட்டுகளைக் கழற்றி, பழைய எஞ்சினைச் சங்கிலி போட்டுத் தூக்கி இறக்கினார்கள். புதிதை ஏற்றிப் பார்த்தால் அடித்தட்டின் துளைகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. பின்வாங்காதவர் சுத்தியலால் அடித்தார். இரும்பு கேட்கவில்லை. வேறு வழியில்லாமல் புதிய துளை போட்டார். எல்லாம் முடிந்த பிறகு ஒரு கைப்பிடி போல்ட்டு மிச்சம்.

"மாமா, இதெல்லாம் எங்க போகணும்?" என்றான் தம்பி.

"எங்கயும் போக வேணாம். கம்பெனிக்காரன் பயந்துபோய் அதிகமா போட்டு வெச்சது. உங்க ரொட்டியில உப்பு கூடிப் போறதில்லையா, அப்படித்தான்."

"எங்க ரொட்டியில உப்பு கூடினா யாரும் சாக மாட்டாங்க மாமா."

"மாப்ளே, நீ அந்தப் பக்கம் பிடி."

அப்புறம் சாயம். துருப்பிடித்த எஞ்சினுக்குச் சிவப்புச் சாயம் அடித்தால்தான் ஊர் பார்க்கும் என்று தூரிகையும் டப்பாவுமாக உட்கார்ந்தார். பட்டனைச் சுற்றி மட்டும் மஞ்சள். குழந்தைக்குப் பொட்டு வைப்பதுபோல நாக்கைக் கடித்துக்கொண்டு வரைந்தார். தண்ணீர் கொடுக்க வந்த நாற்றுக்காரம்மா எஞ்சினின் பெரிய சக்கரத்தில் ஏதோ புடைத்திருப்பதைப் பார்த்தாள். எழுத்து என்றால் அவளுக்குத் தெரியாது. இது எழுத்தில்லை. அம்பு. வளைந்த அம்பு.

"இது என்னங்க, அம்பு போட்டிருக்கு? பழைய எஞ்சின்லயும் இதே மாதிரி ஒண்ணு உண்டு. ஆனா அது அந்தப் பக்கம் பாத்திருக்கும்."

"அது கம்பெனி முத்திரைடி. ஒரு கம்பெனிக்குச் சிங்கம், ஒரு கம்பெனிக்கு அம்பு."

"சிங்கமா இருந்தா எந்தப் பக்கம் பாத்தாலும் பரவாயில்ல. அம்பு ஒரு பக்கத்தைத்தானே காட்டும்?"

பதிலாகத் தூரிகையை முக்கி அந்த அம்பின் மேல் தடவினார். கெட்டியாக, இரண்டு தடவை. சக்கரத்தை மூடும் தகரத்துக்கும் சாயம் அடித்து மாட்டினார். அம்பும் போயிற்று, சக்கரமும் மறைந்தது. இனி எந்தப் பக்கம் சுற்றினாலும் யாருக்குத் தெரியப்போகிறது?

மறுநாள் காலையில் டில்லரை ஆள் வைத்துத் தள்ளிக்கொண்டு நிலத்துக்குக் கொண்டுபோனார். பட்டனை ஊர் முன்னால்தான் அமுக்குவாராம். வேடிக்கை பார்க்கத் தெருவில் பாதி வந்துவிட்டது. சவரத் தொழிலாளிகூடக் கடையைச் சாத்திவிட்டு வந்திருந்தார்.

நாற்றுக்காரம்மா தட்டுகளை வரப்போரம் நிழலில் இறக்கி வைத்தாள். ஒரு தட்டில் மொட்டு தெரிந்தது.  எழுந்து எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி கேட்டாள்.

"ஏங்க, பொழுது சாயறதுக்குள்ள நம்ம நிலம் முழுக்க உழுது முடிஞ்சிருமா?"

"முடியும்."

"நிச்சயமாவா?"

"பொழுது சாயறதுக்குள்ள நம்ம நிலம் உழுது முடிஞ்சிருக்கும். சொன்னா சொன்னதுதான். பின்வாங்க மாட்டேன்."

அந்த வார்த்தையை அவள் பத்திரமாக முந்தானையில் முடிந்துகொண்டாள்.

பட்டனை அமுக்கினார். எஞ்சின் ஒரே உறுமலில் எழுந்தது. கூட்டம் கைதட்டியது. அதை மட்டும் குறை சொல்ல முடியாது, அழகான சத்தம். பின்வாங்காதவர் கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, கைப்பிடிகளைப் பிடித்து, முதல் கியரைப் போட்டுக் கிளட்சை விட்டார்.

டில்லர் பின்னால் வந்தது.

பின்னால் என்றால் அவர் மேலேயே. கைப்பிடி தொப்பையில் குத்தியது. அவர் ஒரு எட்டுப் பின்னால் வைத்தார், வண்டியும் வைத்தது. அவர் இன்னும் வேகமாகப் பின்னால் போனார், வண்டியும் விடவில்லை. கிளட்ச் என்று ஒன்று இருப்பதே அவருக்கு மறந்துவிட்டது. "நிறுத்துங்க மாமா, கிளட்சு, கிளட்சு!" என்று மச்சினன் கத்தினான். வரப்பு தடுக்கி அவர் உட்கார்ந்தபோதுதான் கை கிளட்சில் பட்டு வண்டி நின்றது.

முதலில் வாயைத் திறந்தவர் சவரத் தொழிலாளி. "அண்ணன் பின்வாங்கவே மாட்டார்னாங்க?"

மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "புது எஞ்சின். ஆள் பழகல." இரண்டாவது கியர் போட்டார். அது இன்னும் விரைவாகப் பின்னால் வந்தது. மூன்றாவதைப் போடப் போனவரை மச்சினன் இடுப்பைக் கட்டிப் பிடித்து நிறுத்தினான்.

நாற்றுக்காரம்மாவுக்கு அப்போதுதான் செருப்புக் கல் வெளியே விழுந்தது. கடைக்காரர் சொல்ல வந்தது இதுதான். அந்த எஞ்சின் மற்றதற்கு மாறாகச் சுற்றுகிற எஞ்சின். மரம் அறுக்கும் பட்டறையில் அப்படிச் சுற்றினால் பிழையில்லை. டில்லரில் வைத்தால் முன்னால் போகச் சொன்னால் பின்னால்தானே வரும்? "ஏங்க, அந்த அம்பு..." என்றாள்.

"அம்பாவது கம்பாவது!" என்று சீறியவருக்குத் திடீரென்று ஒரு யோசனை வந்தது. அவருக்கு யோசனை வருவதைப் போல ஆபத்து வேறில்லை. ரிவர்ஸ் கியரைப் போட்டார். டில்லர் சாதுவாக முன்னால் நகர்ந்தது. "போகுதா? போகுதா இல்லையா? இதுக்குத்தான் தலையில கொஞ்சம் இருக்கணுங்கறது!"

போனது. ஆனால் அந்த டில்லரில் ஒரு ஏற்பாடு உண்டு. பின்னால் நடக்கிறவனின் காலைச் சீவிவிடக் கூடாது என்று, ரிவர்ஸ் போட்டால் உழுகிற கத்திகள் சுற்றாது. ஆகவே வண்டி போனது, உழவு நடக்கவில்லை. சிவப்பு எஞ்சினைப் பிடித்துக்கொண்டு பின்வாங்காதவர் நிலத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடந்தார். திரும்பினார். மறுபடி நடந்தார். நிலத்தில் விழுந்தது அவருடைய காலடித் தடமும் சக்கரத் தடமும்தான். கோழி கிளறியிருந்தால்கூட அதைவிட நன்றாக மண் புரண்டிருக்கும்.

"மாமா, என்ன பண்றீங்க? பெல்ட்டைக் கழட்டிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடலாம்" என்றான் மச்சினன்.

"ஒருத்தன் கை படாதுன்னு சொல்லியிருக்கேன். உழுதுட்டுத்தான் இருக்கேன். மெதுவா உழறேன்."

கூட்டம் சிரித்துச் சிரித்து ஓய்ந்து கலைந்தது. வெயில் ஏறியது. அவர் நடந்துகொண்டே இருந்தார். கழுத்து சிவந்து, சட்டை நனைந்து முதுகில் ஒட்டி, குட்டையில் இறக்கிய எருமையைப் போலத் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நடந்தார். பார்க்க அவளுக்கு ஒரு கணம் பாவமாகக்கூட இருந்தது. தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தாள். "போதுங்க, விட்டுருங்க" என்றாள். மடக் மடக்கென்று குடித்துவிட்டுச் செம்பை நீட்டினார். "உனக்கு அவசரம். மண்ணுக்கு அவசரமில்ல."

பாவம் அத்தோடு தீர்ந்தது. திரும்பி வந்து தட்டுகளைப் பார்த்தாள். நாற்று துவண்டு படுத்திருந்தது. தண்ணீர் தெளித்தாள். அப்புறம் நேராகப் பக்கத்து நிலத்துக்கு நடந்தாள்.

தும்மல்காரர் தன் டில்லரின் மேல் சாய்ந்துகொண்டு காலையிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். கண்ணில் தண்ணீர். தும்மியதாலா, சிரித்ததாலா, தெரியாது.

"அண்ணே, உங்க வண்டியை எடுத்துட்டு வாங்க. என் நாத்து சாகுது."

"வர்றதுக்கு என்னம்மா, இப்பவே வருவேன். ஆனா உன் வீட்டுக்காரர் நான் உங்க நிலத்துல கால் வைக்கக் கூடாதுன்னு... ஹச்! ...ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்காரே."

"ஆமா, கால் வைக்கக் கூடாதுன்னுதான் சொன்னாரு. உங்க வண்டியில சீட்டு இருக்கில்ல?"

"இருக்கு."

"அதுல உக்காந்துக்குங்க. காலை மேல தூக்கிக்குங்க. கீழே வைக்காதீங்க."

தும்மல்காரர் அவளை ஒரு பார்வை பார்த்தார். மூக்கைத் துடைத்துக்கொண்டு வண்டியில் ஏறினார்.

எதிரி வண்டி வரப்பைத் தாண்டி வருவதைக் கண்டதும் பின்வாங்காதவர் ரிவர்ஸ் கியரோடு அப்படியே நின்றுவிட்டார். "ஏய்! யாரைக் கேட்டு... டேய், கால் வைக்காதேன்னு..."

"எங்கண்ணே கால் வெச்சேன்? நல்லாப் பாருங்க" என்று தும்மல்காரர் இரண்டு கால்களையும் முன்னால் நீட்டிக் காட்டினார். முழங்கால் வரை மடித்துவிட்ட கால்கள், தரையில் படாமல், ஊஞ்சலில் உட்கார்ந்த குழந்தையின் கால்களைப் போல ஆடின.

நாற்றுக்காரம்மா நடுவில் வந்து நின்றாள். "பொழுது சாயறதுக்குள்ள நிலம் உழுது முடிஞ்சிருக்கும்னு சொன்னீங்களா இல்லையா?"

"சொன்னேன்."

"எந்த வண்டியாலன்னு சொன்னீங்களா?"

அவர் பதிலுக்குக் காத்திருக்காமல் அவளே சொன்னாள்.

"சொல்லல. ஊர் கேட்டுச்சு. உங்க வார்த்தையைக் காப்பாத்தத்தான் இந்த வண்டி வந்திருக்கு. வேணாம்னா சொல்லிடுங்க, திருப்பி அனுப்பிடறேன். ஆனா அது பின்வாங்கறதாப் போயிடும்."

அவர் வானத்தைப் பார்த்தார். வரப்பைப் பார்த்தார். சிவப்பு எஞ்சினைப் பார்த்தார். கடைசியில் டில்லரை ரிவர்ஸ் கியரிலேயே முன்னால் செலுத்தி, மெல்ல, ஊர்வலம் போவதுபோல, நிலத்தை விட்டு வெளியே போனார்.

தும்மல்காரரின் வண்டி இறங்கியது. கத்திகள் சுற்றின, ஈர மண் கறுப்பாகப் புரண்டது. ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு தும்மல். பின்வாங்காதவர் வரப்பில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம்தான். அதற்கு மேல் அவரால் முடியுமா? எழுந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டார். "அந்த மூலையை விட்டுடாதே! ஆழமா இறக்கு! சொன்னாத்தான் செய்வான் பாரு."

பொழுது சாய்வதற்குள் உழவு முடிந்தது. மச்சினன் தட்டுகளைத் தூக்கிக் கொடுக்க, நாற்றுக்காரம்மா வரிசை பிடித்து நட்டுக்கொண்டே போனாள். மொட்டு வைத்த தட்டை மட்டும் ஓரமாகத் தள்ளினாள். மற்றதெல்லாம் பிழைத்தது. கடைசித் தட்டைக் கொண்டுவந்து கொடுத்தவர் பின்வாங்காதவர்.

"பாத்தியா? சொன்ன வேளைக்கு முடிச்சேன்."

"ஆமாங்க. நீங்க பின்வாங்கவே இல்ல" என்றாள் அவள், தலையைத் தூக்காமல். "எஞ்சின்தான்."

பழைய எஞ்சினுக்கு மெக்கானிக் லைனரும் ரிங்கும் மாற்றி டில்லரிலேயே பூட்டிக் கொடுத்தார். அன்று பின்வாங்காதவருக்கு வெளியூரில் அவசர வேலை இருந்ததாம். ஆகவே அவர் கண் முன்னால் ஒருத்தன் கையும் படவில்லை. சிவப்பு எஞ்சின் வீட்டுக்குப் பின்னால் வலைப் பந்தலின் அடியில் இருக்கிறது. எதையும் இழுக்காது, எதையும் ஓட்டாது. ஆனால் விருந்தாளி யாராவது வந்து, கதவுக்குப் பயந்து பின்னால் நகர்ந்து, ஒருவழியாக உள்ளே நுழைந்துவிட்டால், அவர்களை நேராக அங்கேதான் கூட்டிப் போவார். "பட்டன் எஞ்சின். நானே மாத்தினது. கேளுங்க சத்தத்தை" என்று விரலை நீட்டுவார்.

உயரம் வாகாக இருந்ததால் நாற்றுக்காரம்மா அதன் மேல் ஒரு பலகையைப் போட்டு அடுத்த போகத்துக்கான தட்டுகளை அடுக்கியிருக்கிறாள். உள்ளேயிருந்து அவள் குரல் வரும்.

"அமுக்காதீங்க! நாத்து ஆடும்."

விரல் பட்டன் வரைக்கும் போய் நிற்கும். அப்புறம் மெதுவாகத் திரும்பி வரும்.